எந்த ஆண்டுக்குத் திருப்பப் போகிறோம்?

மலேசியாவின் பினாங்குத் தீவிலுள்ள நம் ஜார்ஜ்டவுனில், கீழே கடையும் மேலே வீடுமாகக் கட்டிய பழைய கடைவீடுகளைச் சீரமைக்கும் வேலை மும்முரமாக நடக்கிறது. நடக்கத்தான் வேண்டும். ஆனால் "வீட்டை அசல் தோற்றத்துக்கே கொண்டுவந்துவிட்டோம்" என்று யாராவது பெருமையோடு சொல்லும்போதெல்லாம் எனக்கு வயிறு கலங்குகிறது. நூற்றைம்பது, இருநூறு வருடமாக ஆள் மாறி, தொழில் மாறி, சுவர் மாறி நிற்கிற வணிகர் வீட்டில் அசல் என்று எதைச் சொல்வது?

மார்க்கெட் ஸ்ட்ரீட், பினாங்கு ஸ்ட்ரீட் பக்கம் இருக்கும் ஒரு கடைவீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 1786-இல் ஆங்கிலேயர் பிரான்சிஸ் லைட் இந்த நகரத்தைத் தொடங்க வந்து இறங்கிய காலத்து அத்தாப்பு ஓலைக் கூரைகள் தீக்கு இரையாகி, அப்புறம்தான் செங்கல்லும் ஓடும் வந்தன. இரண்டு பக்கமும் பொதுச் சுவர். அந்தச் சுவர்களுக்கு நடுவே எவ்வளவு நீள உத்தரம் போட முடியுமோ அவ்வளவுதான் வீட்டின் அகலம். பின்பக்கம் மட்டும் நீண்டுகொண்டே போகும். வெளிச்சத்துக்கும் காற்றுக்கும் நடுவில் ஒரு திறந்த முற்றம். முன்னால் எல்லோரும் நடக்க, ஐந்தடி என்று நாம் சொல்லும் கூரை போட்ட நடைபாதை. ஆரம்பகால வீடுகளில் அலங்காரம் ஒன்றும் கிடையாது. குட்டையான இரண்டு மாடி, மேல்மாடியில் மரச் சன்னல்கள், அவ்வளவுதான். 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் பணம் பெருகியபோது அதே வீட்டு முகப்பில் சுதைப் பூக்களும் வளைவுகளும் ஏறின. 1930-களில் இன்னொருவர் அதை உடைத்துவிட்டு ஆர்ட் டெக்கோ பாணியில் நேர்கோடுகளாகக் கட்டினார். ஆகவே சுவர் ஒரு காலத்தது, தரை ஒரு காலத்தது, முகப்பு வேறொரு காலத்தது. இதில் ஏதோ ஓர் ஆண்டைப் பிடித்து, அதற்குப் பின் வந்ததையெல்லாம் சுரண்டி எறிந்தால், அந்த ஆண்டுக்குப் பிறகு அங்கே வாழ்ந்தவர்கள் எல்லோரும் இல்லாமல் போகிறார்கள்.

பல வீடுகளில் அப்படிக் காணாமல் போகிறவர்கள் நம் தமிழ் ஆட்கள். எனக்கு வலிப்பது இதுதான்.

பினாங்கு ஸ்ட்ரீட்டில் கடன் கொடுக்கும் தொழிலுக்காக நகரத்தார் நடத்திய கிட்டங்கிகளை நம் பெரியவர்கள் பலர் பார்த்திருப்பார்கள். கீழே தடுப்பில்லாத ஒரே நீளக் கூடம். ஒவ்வொரு செட்டியாருக்கும் கூடத்தில் ஓர் இடம், ஒரு பெட்டகம், தரையோடு தாழ்ந்த ஒரு கணக்கு மேசை, உட்காரப் பாய். கடன் கேட்டு வருகிறவர் அந்தப் பாயின் ஓரத்தில் உட்கார்ந்துதான் பேச வேண்டும். சமையல், படுக்கை எல்லாம் அதே கட்டடத்தில். தெருவைப் பார்த்த கடைவீட்டை வங்கியாகவும் விடுதியாகவும் மாற்றிக்கொண்ட ஏற்பாடு அது. கட்டியவர் யாராக இருந்தாலும், அந்த மாற்றமும் அந்த வீட்டுக்குச் சொந்தமான கட்டடக்கலைதான். சூலியா ஸ்ட்ரீட்டில் நாகூர், நாகப்பட்டினம் பக்கத்து மரைக்காயர்கள் நடத்திய கடைகளுக்கும் இதே நியாயம்.

இடைக்கால வணிகர் வீடு ஒன்றின் கதை இந்த இடத்தில் எனக்கு எப்போதும் நினைவுக்கு வரும். இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் துறைமுகத்தில், ஏறக்குறைய 1290-இல், ஜான் ஃபார்ட்டின் என்ற வணிகர் கட்டியது. தெருப்பக்கம் கடை, நடுவில் உயரமான கூடம், கீழே கல் வளைவு போட்ட நிலவறை. சரக்கு, குடும்பம், வியாபாரம் எல்லாம் ஒரே கூரையின் கீழ். நம் கடைவீட்டுக்காரருக்கு இதை விளக்கவே வேண்டாம். பிற்காலத்தில் அது சிறுசிறு குடியிருப்புகளாகப் பிரிந்தது, மதுக்கடையானது, வாடகை விடுதியானது. 1940-இல் ஜெர்மன் குண்டுவீச்சில் சேதமடைந்தபோதுதான் உள்ளே மறைந்திருந்த பழைய அமைப்பு வெளியே தெரிந்தது. 1980-களில் அதை ஃபார்ட்டின் காலத் தோற்றத்துக்கே திருப்பினார்கள். இன்றைக்குப் போனால் வண்ணம் பூசிய பெட்டிகளோடு 13-ஆம் நூற்றாண்டைப் பார்க்கலாம். நடுவே அங்கு குடியிருந்த ஏழைக் குடும்பங்களைப் பார்க்க முடியாது. எழுநூறு வருடத்துக்கு முந்தைய வணிகர் வீடு அந்த அளவுக்கு மிஞ்சியிருப்பது அபூர்வம் என்பதால் அந்த முடிவில் ஒரு நியாயம் இருக்கிறது என்றே ஒப்புக்கொள்கிறேன். நமக்கு அந்த நியாயம் பொருந்தாது. இங்கே ஆயிரக்கணக்கில் கடைவீடுகள் இருக்கின்றன. 2008-இல் மலாக்காவோடு சேர்த்து யுனெஸ்கோ நமக்கு உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம் கொடுத்ததே, பல இனத்தவரும் ஒரே வணிக நகரத்தில் ஒருவர் மேல் ஒருவர் விட்டுச்சென்ற தடத்துக்காகத்தான்.

சமீபத்தில் விடுதியாக மாறிக்கொண்டிருந்த ஒரு வீட்டுக்குள் எட்டிப் பார்த்தேன். சுவர்ச் சாந்தைக் கொத்தி எடுத்துக்கொண்டிருந்தார்கள், செங்கல் தெரிந்தால் அழகு என்று. கூடத்து மூலையில் விளக்கு மாடம் ஒன்று, புகைக் கறையோடு. அதன் பக்கத்தில் கரியால் எழுதிய தமிழ் எண்கள், ஏதோ கணக்கு. மேற்பார்வை பார்த்தவரிடம், "அண்ணே, இந்த ஒரு மூலையை மட்டும் விட்டுவைக்கச் சொல்லுங்களேன்" என்று கேட்டேன். தலையாட்டினார். அடுத்த முறை போனபோது மாடத்தில் சிமெண்ட் அடைத்திருந்தது. எண்கள் இருந்த இடத்தில் வெறும் செங்கல்.

அந்தச் செங்கல் வெளியே தெரிவதற்காகச் சுட்டதே அல்ல. மென்மையான கல் அது. மேலே சுண்ணாம்புச் சாந்து இருந்தால்தான் மழைக்கும் ஈரத்துக்கும் தாங்கும்.

இதைச் சொல்வதால், எந்த மாற்றத்தையும் தொடக்கூடாது என்பது என் கட்சி என்று நினைக்க வேண்டாம். சில மாற்றங்களை எடுத்தே ஆக வேண்டும். முதலாவது சிமெண்ட் பூச்சு. நிலத்து ஈரம் செங்கல் வழியே மேலே ஏறும். சுண்ணாம்புப் பூச்சு அதை வெளியே ஆவியாக விடும். சிமெண்ட் விடாது. ஈரம் உள்ளேயே இன்னும் உயரமாக ஏறி, உப்புப் பூத்து, செங்கல் மாவாக உதிரும். சுவருக்குள் செருகிய உத்தரத்தின் முனை உளுத்துப்போகும். சாப்பிடும் பறவைக்கூடு வியாபாரத்துக்காக, பறவைகள் வந்து கூடு கட்டட்டும் என்று சன்னலை அடைத்து உள்ளே ஈரப்பதம் கூட்டியதும் இதே கொடுமைதான். மாறாக, செட்டியார் போட்ட மரத்தடுப்போ, சீனக் குடும்பம் பதித்த பூப்போட்ட ஓடுகளோ, 1950-களில் மளிகைக்காரர் எழுதிய பெயரோ சுவரை என்ன செய்கிறது? வீட்டுக்குக் கெடுதல் செய்யாத மாற்றத்தை எதற்கு எடுக்க வேண்டும்?

இத்தனை அடுக்குகள் மிஞ்சியதற்கு ஒரு காரணம் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம். 1948-க்கு முன் கட்டிய வீடுகளின் வாடகையை 1966-ஆம் ஆண்டுச் சட்டம் கட்டிப்போட்டது. உரிமையாளருக்குச் செலவழிக்க மனமில்லை, குடியிருந்தவருக்கு வெளியேற அவசியமில்லை. கூரை ஒழுகியது, ஆனால் வீடு நின்றது. 1997-இல் சட்டத்தை ரத்து செய்தார்கள். 1999 முடிவோடு கட்டுப்பாடு போனது. வாடகை ஏறியது, பல குடும்பங்கள் போய்விட்டன. ஆட்களே இல்லாத நிலையில் சுவரில் இருப்பதுதான் சாட்சி.

செலவு கூடும் என்பது உண்மை. சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார் கிடைப்பது கஷ்டம், சாந்து காய நாள் பிடிக்கும். உரிமையாளர் தலையில் மட்டும் அதைக் கட்டுவது நியாயமில்லை, மாநில அரசு கைகொடுக்கத்தான் வேண்டும். ஆனால் கொத்துவதற்கு முன் ஒவ்வோர் அறையையும் படம் எடுத்துவைக்கப் பெரிய பணம் தேவையில்லை. அனுமதி கேட்கும் விண்ணப்பத்தோடு, வீட்டில் இதுவரை யார் யார் இருந்தார்கள், எதை எப்போது மாற்றினார்கள் என்ற விவரமும் கட்டாயம் கேட்கப்பட வேண்டும்.

உங்கள் தாத்தா கிட்டங்கியிலோ, சூலியா ஸ்ட்ரீட் கடையிலோ வேலை பார்த்தவராக இருந்தால், வீட்டின் உட்புறம் தெரியும் பழைய போட்டோக்களைத் தேடிப் பாருங்கள். கல்யாணப் படமாக இருந்தாலும் பரவாயில்லை, பின்னால் சுவர் தெரிந்தால் போதும். எந்தத் தெரு, ஏறக்குறைய எந்த வருடம் என்று எழுதி இங்கே போடுங்கள்.