காபோவில் கரையிறங்கப் பட்ட பாடு

மெக்சிகோவின் காபோ சான் லூகாஸில் பெரிய சுற்றுலாக் கப்பல்கள் கரையை ஒட்டி நிற்பதில்லை. விரிகுடாவில் நங்கூரம் போட்டுவிட்டுச் சின்னப் படகுகளில்தான் ஆட்களை இறக்குகிறார்கள். சரி, அது அந்த இடத்தின் அமைப்பு. ஆனால் கப்பல்காரர்களிடமே கரையில் சுற்றிப் பார்ப்பதற்கான சுற்றுலாவையும் வாங்கியவர்களுக்குத்தான் முதல் படகுகள் என்பது என்ன நியாயம்? நாங்களும் அதே கட்டணம் கொடுத்துத்தானே ஏறினோம்?

கையில் டோக்கனை வைத்துக்கொண்டு நானும் மனைவியும் காலை முழுக்க உட்கார்ந்திருந்தோம். கண்ணாடிக்கு வெளியே எல் ஆர்கோ பாறை வளைவு, பசிபிக்கும் கோர்டெஸ் கடலும் சேரும் முனை. பார்க்கலாம், போக முடியாது! அதன் பக்கத்திலுள்ள பிளாயா டெல் அமோர் கடற்கரையில் கால் நனைக்க வேண்டும் என்று அவளுக்கு எத்தனை நாள் ஆசை. அங்கே சாலை கிடையாது. கரையிறங்கி இன்னொரு படகு பிடிக்க வேண்டும். எங்கள் எண்ணைக் கூப்பிடும்போது மதியம். கரையில் கால் வைத்ததுமே கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்ற கவலை. அப்புறம் எங்கே கால் நனைப்பது?

தனியாகச் சுற்றப் போகிறவர்களுக்கு அரை நாள் போய்விடும் என்பதை, டிக்கெட் விற்கும்போதே சொல்லித் தொலைக்க வேண்டாமா?