நிழல் தகடு சேமித்ததை ஏசி தின்கிறது

அலுவலகம் என்றாலே நான்கு பக்கமும் கண்ணாடி, உள்ளே நடுங்க நடுங்க ஏசி என்று ஆகிவிட்டது. அதைத் திட்டுகிறவர்கள் "ஏசியே வேண்டாம், காற்றோட்டம் போதும்" என்கிறார்கள். சும்மா உட்கார்ந்து வேலை பார்க்கும் ஒருவரே ஏறக்குறைய 100 வாட் வெப்பத்தை விடுகிறார். நெருக்கமாக ஆட்கள், கணினிகள், போதாக்குறைக்கு வெளியே புழுக்கம் என்றால் ஜன்னல் மட்டும் என்ன செய்யும்? ஏசியும் வேண்டும், வெப்பத்தைத் தடுக்கும் கட்டட அமைப்பும் வேண்டும். இரண்டையும் தனித்தனியாகத் திட்டமிடுவதுதான் என் எரிச்சல்.

கட்டட வடிவமைப்பாளர் கண்ணாடிக்கு வெளியே நிழல் தகடு வைப்பார், கூரைக்கு வெப்பக்காப்பு போடுவார். உள்ளே வரும் வெப்பம் நன்றாகவே குறையும். ஏசிக்காரரோ இத்தனை சதுர அடிக்கு இத்தனை டன் என்ற பழைய கணக்கைப் போட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று இன்னும் கொஞ்சம் சேர்ப்பார். தேவைக்கு மிஞ்சிய இயந்திரம் அறையைச் சட்டென்று குளிர்வித்துவிட்டு கம்ப்ரசரை நிறுத்தும், கொஞ்ச நேரத்தில் மறுபடி ஓடும். (கம்ப்ரசரின் வேகத்தைத் தானே கூட்டிக் குறைக்கும் இன்வெர்ட்டர் ரகத்தில் இந்தத் தொல்லை குறைவு.) இப்படி விட்டு விட்டு ஓடினால் காற்றிலுள்ள ஈரம் சரியாக வெளியேறாது. சில்லென்றும் இருக்கும், பிசுபிசுவென்றும் இருக்கும். யாராவது ரிமோட்டை எடுத்து 20-க்கு இறக்குவார். மிச்சம் பிடித்த மின்சாரம் அங்கேயே போச்சு.

ஜிம்பாப்வேயின் தலைநகர் ஹராரேயில் 1996இல் திறந்த ஈஸ்ட்கேட் சென்டர் என்ற கட்டடத்தை எல்லோரும் ஏசி இல்லாத அதிசயம் என்று பகிர்கிறார்கள். அங்கே மின்விசிறிகள் ஓடுவதை யாரும் சொல்வதில்லை. இரவின் குளிர்ந்த காற்றை அவை கட்டடத்துக்குள் தள்ளி கான்கிரீட்டைக் குளிர்விக்கின்றன. பகலில் அந்தக் கான்கிரீட் உள்ளே வரும் காற்றின் சூட்டை வாங்கிக்கொள்கிறது. ஹராரே மேட்டு நிலம், இரவு நன்றாகக் குளிரும். இரவிலும் புழுங்கும் ஊரில் அதை அப்படியே நகலெடுத்தால் வேலைக்காகாது.

அப்படிப்பட்ட ஊரில் வேலையைப் பிரித்துக் கொடுக்கலாம். ஈரத்தை எடுக்கத் தனி இயந்திரம், வெப்பத்தை எடுக்கக் கான்கிரீட் தளத்துக்குள் ஓடும் குளிர்நீர்க் குழாய்கள். வழக்கமான ஏசியில் தண்ணீரைக் குளிர்விக்கும் இயந்திரமான சில்லர் 6, 7 டிகிரித் தண்ணீர் தயாரிக்க வேண்டும். குழாய்களுக்கு 15, 16 டிகிரியே போதும், அதனால் சில்லருக்கு உழைப்பு குறைவு. இன்போசிஸ் ஹைதராபாதில் ஒரே கட்டடத்தின் ஒரு பாதியில் இதையும் மறுபாதியில் வழக்கமான ஏசியையும் வைத்து ஒப்பிட்டார்கள். குழாய்ப் பாதிக்கு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு மின்சாரம் குறைவாகவே ஆனது. ஒரே நிபந்தனை, கண்டபடி ஜன்னலைத் திறக்கக் கூடாது. ஈரக்காற்று நுழைந்தால் குளிர்ந்த தளத்தில் வியர்த்துவிடும்.

இவ்வளவும் முடியாதவர்கள் சீலிங் ஃபேனாவது மாட்டலாமே! ஃபேன் சுற்றினால் 24-க்குப் பதில் 26, 27-இல் சௌகரியமாக உட்காரலாம். அழகு கெடுகிறதாம். ஃபால்ஸ் சீலிங்குக்குக் காட்டும் பரிவில் பாதியாவது மின்கட்டணத்துக்குக் காட்டக் கூடாதா?