விஜய் ஐயரின் பியானோவும் அதை மூளையோடு நிறுத்திவிடும் விமர்சனமும்

ஜாஸ் பியானோ கலைஞர் விஜய் ஐயரின் ஆல்பம் ஒன்று வெளிவந்து, அதற்கு ஆங்கிலத்தில் விமர்சனம் எழுதப்பட்டால், பெரும்பாலும் முதல் சில வரிகளுக்குள்ளேயே அவர் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் கணிதமும் இயற்பியலும் படித்தவர் என்று வந்துவிடும். கொஞ்சம் தள்ளி 'அறிவார்ந்த', 'சிக்கலான', 'கணிதத் துல்லியம்' என்பவை வரிசையாக வரும். அவரைத் தூக்கி வைத்து எழுதுகிறவர்களும் இதைத்தான் எழுதுகிறார்கள், பிடிக்காதவர்களும் இதைத்தான் எழுதுகிறார்கள். முதல் வகையினருக்கு அது மேதைமைக்குச் சான்று, இரண்டாம் வகையினருக்கு உணர்ச்சி இல்லை என்பதற்குச் சான்று. இருவருமே இசையைக் கேட்பதற்கு முன்னால் அவருடைய பட்டப் படிப்பைக் கேட்டுவிட்டார்கள். எனக்கு இதில் நிஜமாகவே கோபம் இருக்கிறது, அதனால் இந்தப் பதிவு கொஞ்சம் நீளும்.

அவரைத் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: 1971இல் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில், ஆல்பனி நகரில், தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்தவர். மூன்று வயதில் வயலின். அதை முறையாகப் பதினைந்து வருடம் கற்றார். பியானோ அப்படி இல்லை, வீட்டில் இருந்ததைத் தட்டித் தட்டி, பெரும்பாலும் காதால் பிடித்துக்கொண்டது. கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் இயற்பியல் ஆராய்ச்சிக்குப் போனவர், நடுவில் விலகி இசைப் பக்கம் வந்துவிட்டார். சாக்ஸபோன் கலைஞர் ஸ்டீவ் கோல்மனோடு வாசித்தது அவருக்குப் பெரிய திறப்பு. முதல் ஆல்பம் 'மெமரோஃபிலியா' 1995இல் வந்தது.

1998இல் பெர்க்லியிலேயே முனைவர் பட்டம் வாங்கினார். எதைப் பற்றி என்பதுதான் முக்கியம். மேற்கு ஆப்பிரிக்க இசையிலும் ஆப்பிரிக்க அமெரிக்க இசையிலும் உடம்பு வகிக்கும் இடம் பற்றி. கை, கால், மூச்சு, நடை இவற்றிலிருந்துதான் தாளம் பிறக்கிறது, ஒரு அடி மயிரிழை முன்னால் விழுவதும் பின்னால் விழுவதும்தான் கேட்பவரை ஆட வைக்கிறது என்று ஆய்வேடே எழுதிய மனிதர் அவர். அவரைப் பற்றிய கட்டுரைகளில் யேல் பட்டத்துக்குக் கிடைக்கும் இடத்தில் பாதி இந்த ஆய்வுக்குக் கிடைத்திருந்தால்கூட அவர் இசை வேறு மாதிரி கேட்கப்பட்டிருக்கும்.

2012இல் வந்த 'ஆக்செலராண்டோ'வை எடுத்துக்கொள்வோம். அமெரிக்க ஜாஸ் இதழான டவுன்பீட் அந்த வருடம் நடத்திய விமர்சகர் வாக்கெடுப்பில் சிறந்த கலைஞர், ஆல்பம், குழு, பியானோ, வளரும் இசையமைப்பாளர் என ஐந்து பிரிவுகளில் ஐயர் முதலிடம் பிடித்தார். இதைவிடப் பெரிய வரவேற்பு ஜாஸில் கிடைப்பது கஷ்டம். ஆனால் ஆல்பத்தில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். ஜாஸ் மேதை டியூக் எலிங்டன் பாலே நடனத்துக்கு எழுதிய ஒரு பகுதி. மைக்கேல் ஜாக்சன் பாடிய 'ஹியூமன் நேச்சர்'. டிஸ்கோ நடன இசைக் குழுவான ஹீட்வேவின் ஒரு பாட்டு. தலைப்புப் பாடலோ நடன அமைப்பாளர் கரோல் ஆர்மிடேஜுக்காக எழுதியது. இசை என்பது செயல், இயங்கும் உடல்களின் ஓசை என்ற பொருளில் ஆல்பத்தோடு வந்த குறிப்பிலும் எழுதியிருந்தார். ஆட்டத்துக்கான இசை என்று படைத்தவரே சொன்ன பிறகும் 'மூளைக்கு விருந்து' என்கிற பாணியில் பாராட்டு வந்தால் என்ன செய்வது?

கணக்கே இல்லை என்று நான் சொல்லவரவில்லை. 2009இல் வந்த 'ஹிஸ்டாரிசிட்டி'யில் 'மிஸ்டிக் ப்ரூ' என்று ஒன்று இருக்கிறது. ரானி ஃபாஸ்டரின் பழைய ஆர்கன் இசை, பிற்பாடு ஹிப்ஹாப்காரர்கள் எடுத்தாண்டது. அதில் குறிலும் நெடிலுமாக மாறி மாறி விழும் அடிகளை, பிபொனாச்சி எண்வரிசையில் (1, 1, 2, 3, 5, 8 என முந்தைய இரண்டையும் கூட்டி வளர்வது) அடுத்தடுத்து வரும் எண்களின் விகிதத்தில் மாற்றி அமைத்திருப்பதாக ஐயரே விளக்கியிருக்கிறார். சரி, அதைத் தெரிந்துகொள்ளாமல் கேட்டுப் பாருங்கள். ஸ்டெஃபான் க்ரம்ப்பின் பேஸ் வட்டம் வட்டமாக அதே இடத்துக்குத் திரும்புகிறது. அதன் மேல் டிரம்ஸ் மெல்ல இழுபட்டு, பிறகு இறுகுகிறது. பியானோ ஒரே சிறு மெட்டைச் சொல்லிக்கொண்டே இருக்க, அடியில் தரை நகர்கிறது. தலை தானாக ஆட ஆரம்பித்து, அடுத்த சுற்றில் தவறான இடத்தில் ஆடி, திரும்ப வந்து சேர்ந்துகொள்கிறது. அந்த டிரம்ஸ் மார்கஸ் கில்மோர், மாபெரும் டிரம்ஸ் கலைஞர் ராய் ஹேன்ஸின் பேரன். அவர் கை விழும் இடத்தில் இருக்கும் அந்தத் தளர்வு எந்த எண்வரிசையிலும் கிடைக்காது.

கச்சேரி கேட்டுப் பழகிய நமக்கு இது புரியாத விஷயமே இல்லை. தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கக்காரர் ஒரு கோர்வையை முடித்து, தாளம் தொடங்கும் புள்ளியான சமத்தில் வந்து விழும்போது, முன்வரிசை மாமா 'ஆஹா' என்று தொடையில் தட்டுகிறாரே, அப்போது கணக்கும் உடம்பும் தனித்தனியாகவா இருக்கின்றன?

ஐயரே பேட்டிகளில் இந்த 'அறிவார்ந்த' முத்திரையை எதிர்த்துப் பேசியிருக்கிறார். அதில் நிறப் பாகுபாடு இருக்கிறது என்பது என் கருத்தும்கூட. சாக்ஸபோன் மேதை ஜான் கோல்ட்ரேன் சுரங்களை வட்டமாக அடுக்கி, கோடுகளால் இணைத்து வரைந்த படம் இன்றும் பேசப்படுகிறது. அவ்வளவு கணக்குப் போட்டவர் அவர். ஆனாலும் அவர் இசையை ஆன்மிகம் என்று எழுதுவார்கள். கறுப்பரின் இசை என்றால் உணர்ச்சி, தெற்காசியப் பெயர் கொண்டவரின் இசை என்றால் கணக்கு. இரண்டு பேருக்குமே இது அநியாயம். ஒருவரின் சிந்தனையைப் பறிக்கிறது, இன்னொருவரின் உடம்பைப் பறிக்கிறது.

இந்தப் பார்வையில் முழுக்கத் தவறிப்போவது ஐயருடைய அரசியல். 2001 ஏப்ரலில் ஈரானிய இயக்குநர் ஜாஃபர் பனாஹியை நியூயார்க் விமான நிலையத்தில் பிடித்துவைத்துத் திருப்பி அனுப்பினார்கள். நான் திருடன் இல்லை என்று சக பயணிகளிடம் சொல்ல வேண்டும், ஆனால் எந்த மொழியில் சொல்வேன் என்று அவர் பிறகு எழுதினார். அந்தக் கேள்வியையே தலைப்பாக வைத்து, கவிஞர் மைக் லாடோடு சேர்ந்து ஐயர் 2003இல் ஒரு ஆல்பம் செய்தார். விமான நிலைய வரிசைகளில் நிற்கும் பழுப்பு நிற மனிதர்களைப் பற்றியது அது. பிறகு 2021இல், பேஸ் கலைஞர் லிண்டா மே ஹான் ஓவும் டிரம்ஸ் கலைஞர் டைஷான் சோரியும் சேர்ந்து வாசித்த 'அன்ஈசி'. மிச்சிகனின் ஃப்ளிண்ட் நகரில் ஈயம் கலந்த குழாய்த் தண்ணீர் குடித்த பிள்ளைகளுக்காக அதில் ஒன்று இருக்கிறது. 2014இல் 'கறுப்பர் உயிரும் முக்கியம்' (பிளாக் லைவ்ஸ் மேட்டர்) இயக்கத்துக்கு ஆதரவாக ப்ரூக்ளினில் நடத்திய நிகழ்ச்சிக்காக எழுதிய 'காம்பட் பிரீத்திங்' இருக்கிறது. இவற்றைக் கேட்டபிறகும் ஒருவர் 'குளிர்ச்சியான இசை' என்று எழுதினால் அவர் காதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

இன்னொரு முத்திரை 'இந்தியத்தனம்'. கர்நாடக சங்கீதத்தை மின் கித்தாரில் வாசிக்கும் பிரசன்னாவும் தபலா கலைஞர் நிதின் மிட்டாவும் கூட வாசித்த 'தீர்த்தா'வில் அதைத் தேடுவது நியாயம். ஜாஸ் பியானோ மேதை தெலோனியஸ் மங்க் எழுதியதை வாசிக்கும்போதும் அதில் ராகத்தைத் தேடினால், ஐயர் மாணவனாக நின்று கற்ற கறுப்பர் மரபு காணாமல் போகிறது. எலிங்டன், மங்க், ஆண்ட்ரூ ஹில் என்ற ஜாஸ் பியானோக்காரர்களின் வரிசையில் வைத்துத்தான் அவரை மதிப்பிட வேண்டும். நம் பக்கத்திலும் 2013இல், அமெரிக்காவில் திறமையாளர்களுக்குத் தரப்படும் மெக்கார்தர் நிதி கிடைத்தபோது, ஹார்வர்டில் பேராசிரியரானபோது 'நம்ம ஆளு' என்று பகிர்ந்தோம். பெருமைப்படலாம், தப்பில்லை. அப்புறம் ஒரு ஆல்பமாவது கேட்டிருக்கலாம்.

அவர் செய்ததெல்லாம் எனக்குப் பிடிக்கும் என்றும் இல்லை. நரம்பிசைக் குழுவோடு செய்த 'மியூடேஷன்ஸ்' என்னிடம் இன்றுவரை நெருங்கி வரவில்லை. அதைக் குறைசொல்லும் விமர்சகர் எந்த இடத்தில் தொய்கிறது என்று காட்டினால் நான் ஆர்வமாகப் படிப்பேன். டவுன்பீட் ஐந்து நட்சத்திரம் கொடுத்த 'ப்ரேக் ஸ்டஃப்'புக்கும் அதே கேள்விதான்: நட்சத்திரம் எந்த அடிக்கு, எந்த நிறுத்தத்துக்கு? அந்த ஆல்பத்தில் டெட்ராய்ட் நகரின் டெக்னோ (மின்னணு நடன இசை) கலைஞர் ராபர்ட் ஹுட்டுக்கு அஞ்சலியாக 'ஹுட்' என்று ஒன்று இருக்கிறது. மூன்று பேர் கையால் வாசித்தே இயந்திர நடன இசையின் விடாத துடிப்பைக் கொண்டுவருகிறார்கள்.

ஜாஸ் பழக்கமில்லாதவர்கள் 'ஹிஸ்டாரிசிட்டி'யில் இருக்கும் 'கலாங்'கிலிருந்து ஆரம்பிக்கலாம். மூலப் பாட்டு ஈழத்தமிழ்க் குடும்பத்துப் பெண்ணான லண்டன் மாயா, அதாவது எம்.ஐ.ஏ., பாடியது. முதலில் அதைச் சத்தமாக வைத்துக் கேளுங்கள். பிறகு ஐயரின் மூவர் குழு அதை வாசிப்பதை, முடிந்தால் நின்றுகொண்டே கேளுங்கள்.