சிப் இருக்கிறது, எண் வருகிறது, ஆள்தான் இல்லை

மறுபடியும் அதே கதை. வளர்ப்பு நாய், பூனைகளின் தோலுக்கடியில் அடையாளத்துக்காகப் போடும் சிப்பைத்தான் சொல்கிறேன். ஸ்கேனர் சத்தம் கொடுக்கிறது, திரையில் எண் வருகிறது, அந்த எண்ணுக்குப் பின்னால் ஒருவரும் இல்லை. இந்த முறை எனக்குப் பொறுமை சுத்தமாக அற்றுப்போய்விட்டது.

நேற்று அகப்பட்ட நாய் தெருவில் வளர்ந்தது அல்ல. "உட்கார்" என்றவுடன் உட்கார்ந்தது. கழுத்தில் பட்டை இல்லை. பட்டை கிடந்த இடத்தில் மயிர் படிந்து ஒரு தடம் மட்டும் இருந்தது. கால்நடை மருத்துவர் தோள்பட்டைகளுக்கு நடுவே ஸ்கேனரை வைத்தார். சத்தமே இல்லை. சிப் சில சமயம் போட்ட இடத்திலிருந்து தோலுக்கடியில் நகர்ந்துவிடும் என்று சொல்லிக்கொண்டே, விலாப்பக்கம், முன்னங்கால் என்று நிதானமாக இறக்கிக்கொண்டு வந்தார். இடது தோள்மூட்டருகே 'பீப்'. 15 இலக்கங்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. இதற்கு வீடு கிடைத்துவிட்டது என்றே நம்பினேன்.

சிப் எண்ணோடு உரிமையாளரின் விவரத்தைச் சேர்த்து வைக்கும் பதிவகத்தில் இருந்த முதல் கைபேசி எண் உபயோகத்தில் இல்லையாம். மாற்று எண்ணை அழைத்தால், எடுத்தவர் குட்டியை விற்றவர்! "விற்று வருடக்கணக்காகிறதே, வாங்கியவர் எங்கே இருக்கிறாரோ, எனக்கென்ன தெரியும்?" என்கிறார். அப்படியானால் உங்கள் எண் இன்னும் அங்கே எதற்கு? கேட்டேன். பதில் இல்லை. விடாமல் கெஞ்சிய பிறகு, பழைய ரசீதுப் புத்தகத்தைப் புரட்டி வேறொரு எண்ணைக் கொடுத்தார். அந்த எண் பதிவகத்தில் இருந்திருக்க வேண்டியது. இருந்திருந்தால் ஐந்து நிமிடத்தில் வேலை முடிந்திருக்கும்.

சிப் போட்டதும் கடமை முடிந்தது என்று நினைப்பவர்களே, கொஞ்சம் கேளுங்கள். தோலுக்கடியில் இருக்கும் சுமார் 12 மில்லிமீட்டர் நீளக் குழாய்க்குள் பேட்டரி கிடையாது, ஜிபிஎஸ் கிடையாது. உங்கள் பெயர் அதில் இல்லை, முகவரியும் இல்லை. ஸ்கேனர் அனுப்பும் அலை பட்டால் தன் எண்ணைச் சொல்லும், அவ்வளவுதான் அதற்குத் தெரியும். மற்றதெல்லாம் பதிவேட்டில் இருக்கிறது. அந்தப் பதிவேட்டில் பழைய எண் கிடந்தால் அது ஏட்டுச் சுரைக்காய்தான். அமெரிக்க விலங்குக் காப்பகங்களில் நடந்த ஆய்வு ஒன்று 2009-இல் வெளியானது. சிப் இருந்தும் உரிமையாளரைக் கண்டுபிடிக்க முடியாமல் போனதற்கு முதல் காரணமாக அதில் வந்தது தவறான அல்லது துண்டிக்கப்பட்ட தொலைபேசி எண்தான். இத்தனை வருடம் கழித்தும் அதே இடத்தில்தான் நிற்கிறோம்.

வீடு மாறினால் பார்சல் வர வேண்டிய முகவரியை அன்றே மாற்றுகிறீர்கள். வங்கியில் மாற்றுகிறீர்கள். வாய் பேசத் தெரியாத ஓர் உயிரின் பதிவை மாற்ற மட்டும் நேரம் இல்லையா?

பதிவகங்களையும் சும்மா விட முடியாது. எண் மாறிவிட்டது, திருத்த வேண்டும் என்று போனால், சரிபார்ப்புக் குறியீட்டை அந்தப் பழைய எண்ணுக்கே அனுப்புகிறார்கள்! போன எண்ணுக்கு வந்த குறியீட்டை யார் பார்ப்பது? என் பூனையின் பதிவைத் திருத்த நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். வருடத்துக்கு ஒரு தடவை "உங்கள் விவரம் சரிதானா?" என்று ஒரு குறுஞ்செய்தி அனுப்பக் கூடவா முடியாது? சில இடங்களில் திருத்தத்துக்குக் கட்டணம் வேறு. பணம் கேட்டால் யார் திருத்துவார்கள்? குட்டி விற்பவர்கள் இன்னும் மோசம். உரிமை மாற்றத்தைப் பதிவு செய்யாமல் குட்டியைக் கையில் கொடுத்து அனுப்பவே கூடாது. பணத்தை எண்ணி வாங்கத் தெரிகிறது, ஒரு படிவம் நிரப்பத் தெரியாதா?

சரி, அந்தக் கடைசி எண்ணுக்கு வருகிறேன். அழைத்தேன். மணி அடித்தது, துண்டித்தார். மீண்டும் அழைத்தேன், மீண்டும் துண்டித்தார். நாயின் படத்தை அனுப்பி, "இது உங்களுடையதா?" என்று எழுதினேன். இரவு நெடுநேரம் கழித்துப் பதில் வந்தது: "தெரியாத எண்களை நான் எடுப்பதில்லை. காலையில் வருகிறேன்." வீட்டு நாயைக் காணோம் என்னும்போது தெரியாத எண்ணிலிருந்துதானே அழைப்பு வரும்? தெரிந்தவர்களிடமா அது போய் நிற்கும்? இந்தத் தெரியாத எண் வியாதி எப்போது பிடித்தது இவர்களுக்கு? விபத்தில் அடிபட்டவரின் வீட்டுக்கு அழைத்தாலும் இதே கதைதான். எடுங்கள் ஐயா, ஒரே ஒரு தடவை எடுத்து யார் என்று கேளுங்கள்!