ஒரு தார், நாலு சீப்பு, ஐம்பது பழம்: ஆக மொத்தம் 55 வாழைப்பழம்

40,942 சுவடிகள்.

பல நிறுவனங்களில் இருக்கும் ஓலைச்சுவடிகளையும் பழைய புத்தகங்களையும் பட்டியலிடும் எங்கள் திட்டத்தின் ஆண்டறிக்கையில், முதல் பக்கத்தில், கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறார்கள். பார்த்ததும் தலை சுற்றியது. பெருமையில் இல்லை. ஒரு நிறுவனம் 412 என்று அனுப்பியது. அவர்கள் எண்ணியது ஓலைக் கட்டுகளை. இன்னொரு நிறுவனம் 1,930 என்றது. அவர்கள் எண்ணியது நூல்களை. ஒரே கட்டுக்குள் வைத்தியம், சோதிடம், ஒரு தலபுராணம் என்று மூன்று நூல் கிடந்தால் மூன்று. மூன்றாவது நிறுவனம் ஸ்கேன் எடுத்த படங்களை எண்ணி 38,600 என்று போட்டுவிட்டது. யாரோ ஒரு புண்ணியவான் மூன்றையும் எக்செல்லில் ‘சுவடிகள்’ என்ற தலைப்பின் கீழ் போட்டுக் கூட்டிவிட்டார். எக்செல்லுக்கு என்ன தெரியும், பாவம். ஒரு தார், நாலு சீப்பு, ஐம்பது பழம் என்று கொடுத்தாலும் 55 என்றுதான் சொல்லும்.

திட்டத்தில் மொத்தம் ஏழு நிறுவனங்கள். மீதி நாலு பேர் இன்னும் கணக்கே அனுப்பவில்லை. அனுப்பினால் என்ன ஆகுமோ.

இது நடக்கக்கூடாது என்றுதானே கலைச்சொல் குழு என்று ஒன்றை வைத்தோம்? பதினான்கு மாதமாக ஒவ்வொரு வியாழனும் அண்ணா சாலை நெரிசலில் நீந்தி ராயப்பேட்டைக்குப் போய் உட்கார்கிறேன். டீ வரும், மசால் வடை வரும், சொல் மட்டும் வராது. முதல் மூன்று மாதம் மெட்டாடேட்டாவுக்கு, அதாவது ஒரு சுவடியைப் பற்றிய விவரக் குறிப்புகளுக்கு, தமிழ் கண்டுபிடிப்பதிலேயே போனது. ‘மீத்தரவு’ என்றார் ஒருவர். ‘மீ’ என்றால் மிச்சம் என்று நினைத்துக்கொள்வார்கள் என்றார் இன்னொருவர். ‘மேனிலைத் தரவு’ என்றால் அப்போது கீழ்நிலைத் தரவு எது என்று ஒரு கேள்வி. ‘விவரத்தரவு’ கொஞ்ச நாள் ஓடியது, அப்புறம் அதை முன்மொழிந்தவருக்கு மாற்றல் வந்துவிட்டது, சொல்லும் அவரோடு போய்விட்டது. இன்றுவரை எல்லாரும் வாயில் மெட்டாடேட்டா என்றுதான் சொல்கிறோம், ஒருவருக்கொருவர் நன்றாகவே புரிகிறது.

நான் சொல்லாக்கத்துக்கு எதிரி இல்லை. 1916 இலேயே சேலத்தில் ராஜாஜியும் வெங்கடசுப்பையரும் தமிழில் அறிவியல் சொற்கள் வேண்டும் என்று சங்கம் வைத்தவர்கள். அந்த உழைப்பு இல்லாவிட்டால் நாம் பள்ளிக்கூடத்தில் பாதிப் பாடம் படித்திருக்க முடியாது. என் கோபமே வேறு. இந்தப் பதினான்கு மாதத்தில் ஒரு பொருளை எந்தச் சொல்லால் அழைப்பது என்று நூறு தடவை அடித்துக்கொண்டோம். அந்தச் சொல்லால் எந்தப் பொருளைக் குறிக்கிறோம் என்று ஒரு தடவைகூடப் பேசவில்லை. நான் கேட்டேன். மூன்றாவது கூட்டத்திலேயே கேட்டேன்: “சார், சுவடின்னா கட்டா, நூலா?” பெரியவர் ஒருவர் சிரித்துக்கொண்டே, “அதெல்லாம் எல்லாருக்கும் தெரியும்மா” என்றார். எல்லாருக்கும் தெரிந்த லட்சணம்தான் 40,942.

யாழ்ப்பாணத்திலிருந்து காணொளியில் சேரும் பேராசிரியர் மட்டும்தான் அன்றைக்கு எனக்காகப் பேசினார். “பிள்ளை சொல்லுறது சரிதான். எங்கட பக்கம் ஏடு எண்டால் முழுச் சுவடியையும் சொல்லுவம்” என்றார். இங்கே பலருக்கு ஏடு என்றால் ஒற்றை ஓலை. ஆக, ‘ஏடுகளின் எண்ணிக்கை’ என்று ஒரு கட்டம் வைத்தால் அங்கிருந்து 1 வரும், இங்கிருந்து 180 வரும். இரண்டுமே சரி! இதை எவ்வளவு பெரிய ஆபத்து என்று நான் விளக்குவதற்குள் வடை வந்துவிட்டது.

சுவடியை விடுங்கள், அச்சுப் புத்தகத்துக்கு வாருங்கள். ‘பதிப்பு’. நம் பதிப்பகங்கள் மறு அச்சைக்கூட ‘ஐந்தாம் பதிப்பு’ என்றுதான் போடும். ஓர் எழுத்து மாறியிருக்காது. பல சுவடிகளின் பாடத்தை ஒப்பிட்டு, திருத்தி, அடிக்குறிப்போடு வந்ததற்கும் பதிப்பு என்றே பெயர். பழைய முகப்புப் பக்கத்தைப் பார்த்தால் ‘நல்லூர் ஆறுமுக நாவலர் பரிசோதித்து’ என்று இருக்கும். இங்கே பரிசோதித்தவர்தான் பதிப்பாசிரியர். எங்கள் படிவத்திலோ ‘பதிப்பாளர்’ என்று ஒரே கட்டம். ஒரு நிறுவனம் அதில் நாவலர் பெயரைப் போடுகிறது, இன்னொன்று அச்சுக்கூடத்தின் பெயரைப் போடுகிறது. இதில் ஒரு வேடிக்கை, அவருக்கே இங்கே சென்னையில் சொந்த அச்சுக்கூடமும் இருந்தது. அதனால் சில இடங்களில் தப்பும் சரியாகிவிடுகிறது, கண்டுபிடிக்கவே முடியாது.

‘ஆண்டு’ என்று இன்னொரு கட்டம். எந்த ஆண்டு? பாடிய ஆண்டா, படியெடுத்த ஆண்டா, அச்சான ஆண்டா? புத்தகத்தில் ‘துன்மதி வருஷம் ஆவணி மாதம்’ என்று மட்டும் இருக்கும். துன்மதி 1861 இலும் வரும், 1921 இலும் வரும். கூடவே சித்திரையில் தொடங்குகிற ஆண்டை ஜனவரிக் கணக்கில் அடைத்தால் மாசி, பங்குனியெல்லாம் அடுத்த வருடத்துக்கு ஓடிவிடும். இதற்கு ஒரு விதி எழுத அரைப் பக்கம் போதும். அந்த அரைப் பக்கத்தை எழுத ஆளில்லை. ‘கணினி’யா ‘கணிப்பொறி’யா என்று பேச இன்றைக்கும் எட்டுப் பேர் தயார்.

உலகத்தில் யாருக்கும் வராத சிக்கல் நமக்கு மட்டும் வந்துவிடவில்லை. நூலகக்காரர்கள் 1998 இலேயே ‘புத்தகம்’ என்ற ஒரு சொல்லை நாலாகப் பிரித்துக் கொடுத்துவிட்டார்கள். திருக்குறள் என்கிற படைப்பு ஒன்று. அதன் மூலபாடம் ஒரு வடிவம், இன்னொரு மொழியில் பெயர்த்தது வேறொரு வடிவம். 1812 இல் சென்னையில் அச்சானது ஒரு வெளியீடு. உங்கள் அலமாரியில் செல்லரித்துக் கிடப்பது ஒரு பிரதி. எதை எண்ணுகிறோம் என்று சொல்லிவிட்டு எண்ணு என்பதுதான் விஷயம்.

ஐரோப்பாவில் மொழித் தரவுகளுக்காக கிளாரின் என்று ஒரு பெரிய ஆராய்ச்சிக் கட்டமைப்பு இருக்கிறது. பல நாடு, பல மொழி. அவர்களும் முதலில் ஐசோகேட் என்கிற பொதுப் பதிவேட்டை நம்பி இறங்கினார்கள். யார் வேண்டுமானாலும் தங்கள் சொல்லையும் வரையறையையும் சேர்க்கலாம் என்று கதவைத் திறந்து வைத்திருந்தார்கள். ஒரே கருத்து நாலைந்து உருவத்தில் உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டது. கடைசியில் அதை விட்டுவிட்டுத் தனியாக ஒரு கருத்துப் பதிவேடு தொடங்கினார்கள்: யாரும் படிக்கலாம், ஆனால் சேர்ப்பது அந்தந்த நாட்டின் ஒருங்கிணைப்பாளர் வழியாக மட்டும். சூடுபட்டுக் கற்றுக்கொண்டவர்கள். நமக்கு அந்தச் சூடு ஓசியில் கிடைக்கிறது, அதையும் வாங்க மாட்டோம்.

சண்டை போடாமல் இருக்கவும் வழி இருக்கிறது. 2009 இலேயே இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு கலைச்சொற்களை ஒழுங்குபடுத்த ஸ்காஸ் என்று ஒரு முறையைத் தந்துவிட்டது. கருத்துக்கு ஒரு நிலையான முகவரி. ஒரு மொழிக்கு ஒரு முதன்மைப் பெயர். மாற்றுப் பெயர் எத்தனை வேண்டுமானாலும் வைத்துக்கொள். நாம் வேதியியல் என்போம், யாழ்ப்பாணத்தில் இரசாயனவியல் என்பார்கள். இரண்டும் ஒரே இடத்தில் இருக்கும், எதைத் தேடினாலும் கிடைக்கும். யாருடைய தமிழும் தோற்கவில்லை. இதைக் காட்டி ஒரு மணி நேரம் பேசினேன். எல்லாம் முடிந்தபின் ஒருவர் கேட்டார்: “முதன்மைப் பெயர் யாருடையது?”

நேற்றிரவு பொறுக்க முடியாமல் நானே உட்கார்ந்தேன். ‘சுவடிகள்’ என்ற கட்டத்தை அழித்துவிட்டு, கட்டு, நூல், ஓலை, படம் என்று நாலு கட்டம் போட்டேன். ஒவ்வொன்றுக்கும் கீழே ஒரு வரி விளக்கம், ஓர் எடுத்துக்காட்டு. இருபது நிமிட வேலை. ஏழு நிறுவனங்களுக்கும் அனுப்பிவிட்டுத்தான் படுத்தேன்.

காலையில் குழுத் தலைவரிடமிருந்து வாட்ஸப்: “நல்ல முயற்சிம்மா. ‘நூல்’ என்பதைப் ‘பனுவல்’ என்று மாற்றலாமா? வியாழன் பேசுவோம்.”