டிராக்நெட் முதல்ல ரேடியோலதான் வந்துச்சு

டிராக்நெட்ங்கிற பழைய அமெரிக்க போலீஸ் தொடர், டிவியில ஹிட் ஆன பிறகுதான் ரேடியோ நாடகமா மாத்துனாங்கன்னு மேல ஒரு கமென்ட், அதையே நாலஞ்சு பேர் ஷேரும் பண்ணியிருக்காங்க. தப்பா எடுத்துக்காதீங்க, வரிசை அப்படியே தலைகீழ். என்பிசி ரேடியோல 1949 ஜூன்லயே ஆரம்பிச்சாச்சு, டிவிக்கு வந்தது 1951 டிசம்பர்லதான். ஹீரோ போலீஸ்காரர் சார்ஜென்ட் ஃப்ரைடேயா ரெண்டுலயும் வர்றது ஜாக் வெப்தான்.

நீங்களே செக் பண்ணலாம். இன்டர்நெட் ஆர்க்கைவ்ல பழைய ரேடியோ ரெக்கார்டிங் இலவசமா கிடக்கு, 1949, 1950 எபிசோட் ஒண்ணு ரெண்டு போட்டு கேளுங்க, ஃப்ரைடேயோட பார்ட்னர் பென் ரொமேரோவா பார்ட்டன் யார்பரோ குரல் வரும், அந்த மனுஷன் 1951 டிசம்பர்லயே இறந்துட்டாரு, டிவிக்கு ஆரம்ப எபிசோடுகள் மட்டும்தான் நடிச்சு முடிச்சிருந்தாரு, ஆனா ரேடியோல அதுக்கு முன்னாடி ரெண்டரை வருஷம் பேசியிருக்காரு. டிவிக்கு அப்புறம்தான் ரேடியோன்னா அது எப்படி நடக்கும்? அதுவும் போதலைன்னா 1949 கடைசி மாசங்கள்ல வந்த அமெரிக்க பேப்பர் ஸ்கேன்ல ரேடியோ நிகழ்ச்சிப் பட்டியல் பாருங்க, பேர் இருக்கும். அந்த போன் டயல் சத்தம், காலடி சத்தம் எல்லாம் காதுக்குன்னே பார்த்துப் பார்த்து செஞ்சது, ஹெட்போன் மாட்டிக் கேளுங்க ப்ளீஸ்.