முதலில் பிழியுங்கள், பிறகு காயவையுங்கள்

மாமாக் கடை மேசையில் இருக்கும் ரோலிலிருந்து சூப்பர்மார்க்கெட் பாக்கெட் வரை டிஷ்யூ உறைகளில் "மூங்கில்", "மறுசுழற்சி", "மரம் வெட்டவில்லை" என்றெல்லாம் அச்சடிக்கிறார்கள். அதைக் காயவைக்க எவ்வளவு எரிவாயு எரிந்தது என்று மட்டும் யாரும் போடுவதில்லை. ஆலைக்குள் கார்பன் கணக்கின் பெரும்பங்கு அங்கேதான் இருக்கிறது. நிலக்கரி பாய்லரில் காய்ந்த மூங்கிலுக்குப் பச்சை இலை படம் எதற்கு?

தாள் எந்திரத்தின் தொடக்கத்தில் கூழைப் பரப்பும் ஹெட்பாக்ஸிலிருந்து விழும் கூழில் நார் சுமார் 0.2 விழுக்காடு. அதாவது ஒரு கிலோ நாருக்கு 500 லிட்டர் தண்ணீர். வயர் (வடிகட்டும் வலை), ஃபெல்ட் (தாளைத் தாங்கி நீரை உறிஞ்சும் தடித்த துணி), பிரெஸ் (பிழியும் உருளை) மூன்றும் சேர்ந்து அதில் கிட்டத்தட்ட எல்லாவற்றையும் எடுத்துவிடும். மிஞ்சும் ஒன்றரை லிட்டரைத்தான் யாங்கி டிரையரும் (ஆவியால் சூடாகும் பெரிய உருளை) ஹூட்டும் (அதன்மேல் சூடான காற்றை ஊதும் கூடு) ஆவியாக்க வேண்டும். எரிபொருள் பில் ஏறுவது இந்த ஒன்றரை லிட்டரால்தான்.

பிரெஸ்ஸைத் தாண்டும்போது தாளின் உலர்வு (எடையில் நாரின் பங்கு) 40 விழுக்காடாக இல்லாமல் 45 ஆக இருந்தால், டன்னுக்குச் சுமார் 280 லிட்டர் குறைவாக ஆவியாக்கினால் போதும். இது ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. எரிவாயுக் கணக்கில், வெப்ப இழப்பைச் சேர்க்காமலேயே டன்னுக்கு 35 கிலோ கரியமில வாயு மிச்சம். துணியைப் பிழியாமல் கொடியில் போடுகிறவரை வீட்டில் திட்டுவோம். ஆலையில் அதையே செய்தால் உற்பத்திச் செலவு என்று எழுதிவிடுகிறோம்.

45-ஐ எட்ட, தாளை யாங்கியோடு சேர்த்து அகலமான பரப்பில் அழுத்தும் ஷூ பிரெஸ் வேண்டும். ஆனால் பழைய வார்ப்பிரும்பு யாங்கியை எத்தனை முறை கிரைண்ட் செய்தார்களோ, அந்த அளவுக்குச் சுவர் மெலிந்திருக்கும். கனத்தை அளந்து, தாங்கும் சுமையைக் கணக்குப் போடாமல் கை வைக்கக் கூடாது. அதிகம் அழுத்தினால் தாளின் பருமன் போய்விடும், வாடிக்கையாளர் "மெல்லிசா இருக்கு" என்பார். ஷூ பிரெஸ்ஸுக்குப் பணம் இல்லாத ஆலை ஃபெல்ட்டிலிருந்து தொடங்கலாம். நுண்ணார் அடைத்த ஃபெல்ட் தண்ணீரை உறிஞ்சாது. உயரழுத்த ஷவரில் ஒரு நாசில் அடைத்தாலே தாளில் அந்தக் கோட்டில் ஈரப்பட்டை விழும். ஆப்பரேட்டர் என்ன செய்வார்? அந்தப் பட்டை காயட்டும் என்று ஆவியைக் கூட்டுவார். 5, 6 விழுக்காடு ஈரத்தில் நிற்க வேண்டிய தாள் முழுவதும் 3-க்கு வறண்டுவிடும். ஒரு நாசிலுக்காக மொத்தத் தாளும் வேகிறது!

அடுத்தது ஹூட். வெளியேறும் காற்றில், ஒரு கிலோ உலர்காற்றுக்கு 0.2 கிலோ நீராவிதான் இருக்கிறது என்றால், சூடாக்கிய காற்றைச் சும்மா வானத்துக்கு அனுப்புகிறீர்கள் என்று அர்த்தம். காற்று வெளியேறும் வழியில் இருக்கும் மடலான எக்ஸாஸ்ட் டாம்பரைக் குறைத்து 0.4-க்கு மேல் கொண்டுவரலாம். அளவு மீறினால் ஹூட்டின் ஓரங்களில் சூடான ஈரக்காற்று பீய்ச்சும். பஞ்சுத்தூசி படிந்த இடத்தில் தீப்பிடிக்கும் ஆபத்தும் உண்டு, அதனால் சுத்தம் செய்த பிறகே டாம்பரைத் தொடுங்கள்.

கண்டன்சேட், அதாவது ஆவி குளிர்ந்து மறுபடி தண்ணீரானது, விஷயம் எளிது. பாய்லருக்குப் போகும் தண்ணீர் 6 டிகிரி சூடேறினால் எரிபொருள் ஏறத்தாழ 1 விழுக்காடு குறையும். நம் ஊர்க் குழாய்த் தண்ணீர் 30 டிகிரி, திரும்பி வரும் கண்டன்சேட் 90. அதைச் சாக்கடையில் விடும் ஆலை கூரையில் சோலார் போட்டுப் படம் பிடித்துப் போடுவதைப் பார்த்தால் சிரிப்புதான் வருகிறது. சோலார் மின்சாரம் மோட்டார்களை ஓட்ட உதவும், பாய்லரைத் தொடாது.

எரிபொருளை மாற்றுவதைக் கடைசியில் வையுங்கள். ஆவித் தேவை குறைந்த பிறகு வாங்கினால் சின்ன பாய்லரே போதும். பினாங்கின் நிபோங் தெபால் பக்கம் செம்பனைக்குப் பஞ்சமில்லை. கொட்டை ஓடு நன்றாக எரியும். மலிவாகக் கிடைக்கிறதே என்று பழம் உதிர்த்த வெறுங்குலையை அப்படியே போட்டால், பாதிக்கு மேல் தண்ணீர், போதாக்குறைக்குப் பொட்டாசியம். சாம்பல் உருகிக் குழாய்களில் கட்டியாக ஒட்டும். கொட்டை ஓடுகளை ஜப்பான் மின்நிலையங்களும் வாங்குவதால் விலை ஓரிடத்தில் நிற்காது. நீண்டகால ஒப்பந்தம் கையில் இல்லாமல் பாய்லர் மாற்றினால், விலை ஏறிய மாதமே மறுபடி எரிவாயுக்குத் திரும்ப வேண்டியதுதான்.